வடிகாலை மூடியது யார்?

போன் அலறியது.

ஷூவுக்குள் ஒரு காலை நுழைத்தபடியே இன்ஸ்பெக்டர் ரிசீவரை எடுத்தார்.

"சார்... நகராட்சி வண்டி ஷெட்ல ஒரு பொணம் கிடக்கு."

"யாரோட பொணம்?"

"ஃபோர்மேன் சார்."

"கொன்னது யாருன்னு ஏதாவது தெரியுமா?"

"தெரியும் சார். நான்தான்!"

இன்ஸ்பெக்டர் இன்னொரு ஷூவை மறந்தார்.

"யாருடா நீ?"

"டேங்கர் லாரி டிரைவர்."

"அங்கேயே இரு. ஓடிடாதே!"

"ஓடுறதா இருந்தா உங்களுக்கு எதுக்கு சார் போன் பண்றேன்?"

நியாயமான கேள்வி. இன்ஸ்பெக்டர் ரிசீவரை வைத்தார். ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

விடிந்து வெகுநேரமாகியும் வெளிச்சம் வரவில்லை. வானம் முழுக்க மேகம். எந்த நிமிஷமும் கொட்டிவிடும் போலிருந்தது.

ஷெட்டுக்குள் குப்பை லாரிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவே, வண்டி கழுவும் மேடையை ஒட்டி, ஃபோர்மேன் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ஒரு மண்வெட்டி.

அதற்கும் பக்கத்தில் சாய்ந்து கிடந்த ஒரு ட்ரம்... அதிலிருந்து வழிந்த பழைய இன்ஜின் ஆயில்!

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். பார்த்தவர் நிமிரவே இல்லை.

ஓடி வந்த ஆயில் பாதியில் நின்றிருந்தது. குறுக்கே யாரோ மரத்தூளைக் கொட்டி அணை கட்டியிருந்தார்கள். அதைத் தாண்டித் தரையில் இருந்த வடிகாலின் கம்பித் தட்டி மேல் கனமான ரப்பர் ஷீட் விரித்திருந்தது. ஷீட்டின் மூலைகளில் மணல் மூட்டைகள். மூன்று மூலைகளில் ஒவ்வொன்று. நாலாவது மூலையில் மட்டும் இரண்டு!

"யோவ் ஏட்டு... கொலை பண்ணிட்டுத் தரையைச் சுத்தம் பண்ணிட்டுப் போற ஆளைப் பார்த்திருக்கியா?"

"இல்லீங்க சார்," என்றார் ஏட்டு, கையிலிருந்த ஃபிளாஸ்க்கை மார்போடு அணைத்தபடி. "என் வீட்டுக்காரி பண்ணினாலும் பண்ணுவா."

டிரைவர் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்திருந்தான். சட்டைக் கையில் ரத்தம்.

"ஏன்டா கொன்னே?"

"லீவு கேட்டேன் சார். பொண்டாட்டிக்கு நிறைமாசம். தர மாட்டேன்னார். கோவம் வந்துச்சு."

"எதால அடிச்சே?"

"மண்வெட்டியால. என் கைரேகை இருக்கும், பார்த்துக்கோங்க."

ஏட்டு சந்தோஷமாக விலங்கை எடுத்து மாட்டினார். "டீ ஆறுறதுக்குள்ள கேஸ் முடிஞ்சிடுச்சு சார்!"

"பொய்...!"

ஷெட்டின் வாசலிலிருந்து ஒரு அலறல்.

ஒரு பெண் ஓடி வந்தாள். தலை கலைந்து, ஒற்றைச் செருப்போடு. நகராட்சியின் மழைநீர் வடிகால்கள் அவள் பொறுப்பு. எதைப் பேச ஆரம்பித்தாலும் ஏரியில் கொண்டுபோய் முடிப்பாள். அதனால் ஷெட் முழுக்க அவளுக்கு ஏரியக்கா என்றே பெயர்.

டிரைவர் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. தாய் போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை!

"அக்கா, நீ எதுக்கு வந்தே? போ இங்கேருந்து!"

"வாயை மூடுடா! சார், இவன் பொய் சொல்றான் சார். ஒரு கரப்பான்பூச்சியைக்கூட அடிக்க மாட்டான்!"

"எல்லா அக்காவும் இதைத்தாம்மா சொல்றாங்க. என் லாக்கப் முழுக்கக் கரப்பான்பூச்சி அடிக்காதவங்கதான்."

"சார், உங்க கால்ல விழுறேன். இன்னிக்கோ நாளைக்கோ இவனுக்குக் குழந்தை பொறக்கப் போகுது..."

விழுந்தே விட்டாள். இன்ஸ்பெக்டர் பதறிப் பின்வாங்கினார். ஒரு காலில்தான் ஷூ இருந்தது என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

"எழுந்திரும்மா! அழுதா ஒண்ணும் நடக்காது. அவன் பண்ணலைன்னா ஆதாரம் குடு."

ஏரியக்கா கண்ணைத் துடைத்தாள். சுற்றிப் பார்த்தாள். ரப்பர் ஷீட்டைக் காட்டினாள்.

"அதோ, அதான் சார் ஆதாரம்!"

"புரியற மாதிரி சொல்லும்மா."

"கக்கூஸ் தண்ணி போற சாக்கடை வேற சார், மழைத்தண்ணி போற வடிகால் வேற. சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ண ஆலை இருக்கு. இந்த வடிகாலுக்கு ஒண்ணுமே கிடையாது! இதுல விழுந்தது நேரா ஏரிக்குப் போகும். அந்த ஏரித் தண்ணியைத்தான் பாதி ஊர் குடிக்குது. அதனால தரையில எது கொட்டினாலும் முதல்ல வடிகாலை மூடணும். அப்புறம் மரத்தூள் போட்டு அள்ளணும். தண்ணி அடிச்சுக் கழுவவே கூடாது! இதைத்தான் இத்தனை வருஷமா இவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறேன்."

"சரி, அதுக்கும் உன் தம்பிக்கும் என்ன?"

"இந்த மடையன் ஒரு நாளாவது அதைச் செஞ்சிருக்கானா கேளுங்க! எது கொட்டினாலும் ஹோஸ் பைப்பைத் தூக்கிடுவான். இவன் கொன்னிருந்தா ரத்தம், ஆயில் எல்லாத்தையும் அடிச்சு ஏரிக்கு அனுப்பிட்டு விசில் அடிச்சுக்கிட்டு நின்னிருப்பான் சார்!"

"அக்கா... நான்தான் மூடினேன்," என்றான் தம்பி. குரல் உடைந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

தம்பியைத் திட்டிக் காப்பாற்றும் அக்கா. தலையைக் கொடுத்தே தீருவேன் என்று அடம்பிடிக்கும் தம்பி. எங்கேயோ இடித்தது!

ஏட்டுவைத் தனியே அழைத்துக் காதில் ஏதோ சொன்னார். ஏட்டுவின் முகம் சுருங்கியது. முனகிக்கொண்டே ஒரு லாரிக்குப் பின்னால் போனவர், கறுப்பாக எதுவோ தளும்பும் பக்கெட்டோடு திரும்பினார்.

"அவனுக்கு விலங்கைக் கழட்டு. தம்பி, அந்தக் கடைசியில இன்னொரு வடிகால் இருக்குல்ல? இப்ப இங்க ஆயில் கொட்டிடுச்சு. நீ என்ன பண்ணுவியோ பண்ணு. ஏட்டு... கொட்டு!"

சளக்!

கறுப்புத் திரவம் தரையில் விழுந்து சரிவைப் பிடித்து ஓடியது.

டிரைவரின் கை தன்னால் ஹோஸ் பைப்புக்குப் போனது. பாதியில் சுதாரித்தான். பைப்பைப் போட்டான். சுவரில் சுருட்டி வைத்திருந்த ரப்பர் ஷீட்டை இழுத்துக்கொண்டு ஓடினான். தரையில் தெரிந்த இரும்பு மூடியின் மேல் தடாலென்று விரித்தான்.

"மூடிட்டேன் சார்! பார்த்தீங்களா?"

ஏரியக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"டேய்... அது கக்கூஸ் சாக்கடை மூடிடா!"

ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"பார்த்தீங்களா சார்? எது வடிகால்னே இவனுக்குத் தெரியல! இப்பவாவது நம்புறீங்களா? என் தம்பியை விட்டுடுங்க சார்!"

சந்தோஷத்தில் அவளுக்குக் கண்ணீர் பொங்கியது. ஜெயித்துவிட்டாள். அவள் தம்பி பிழைத்துவிட்டான்!

ஆனால் கறுப்புத் திரவம் நிற்கவில்லை. நிஜமான வடிகாலை நோக்கி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக்குக்கு உதவும் ஆசை வந்தது. ஹோஸ் பைப்பை எடுத்துத் திறந்துவிட்டான். தண்ணீர் சேர்ந்ததும் ஓட்டம் வேகம் பிடித்தது.

ஏரியக்காவின் முகம் மாறியது.

இன்ஸ்பெக்டர் திரவத்தைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது அவளுக்கும் தெரிந்தது. அசையக்கூடாது. அசைந்தால் எல்லாம் முடிந்தது! புடவைத் தலைப்பைப் பிடித்து முறுக்கினாள். பல்லைக் கடித்தாள். கம்பிக்கு இன்னும் ஒரு முழம்தான்...

"அக்கா, வேணாம்...!" தம்பி கத்தினான்.

அவள் ஓடிவிட்டாள்.

சாக்கடை மூடியின் மேல் கிடந்த ஷீட்டை உருவினாள். வடிகாலின் மேல் வீசினாள். முழங்காலால் அழுத்தினாள். மணல் மூட்டைகளை இழுத்து மூலைக்கு ஒன்றாகப் போட்டாள். தரை சரிந்திருந்த நாலாவது மூலையில் ஒன்று... அதன் மேல் இன்னொன்று.

கறுப்புத் திரவம் ஷீட்டில் முட்டி நின்றது.

அவளுக்கு மூச்சு வாங்கியது.

"நாலாவது மூலையில ரெண்டு மூட்டை," என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக.

"சரிவு அந்தப் பக்கம்தான் சார்," என்றாள் அவள், தலை நிமிராமலே. "ஒண்ணு போட்டா கசியும்."

தம்பி கீழே உட்கார்ந்து அழ ஆரம்பித்தான்.

"காலையில வந்து பொணத்தைப் பார்த்தேன் சார். பக்கத்துல ஷீட்டையும் பார்த்தேன். இந்த ஷெட்ல அதைப் போடுறது எங்கக்கா ஒருத்திதான். மண்வெட்டியைக் கையில எடுத்து, ரத்தத்தைச் சட்டையில தேச்சுக்கிட்டு உங்களுக்குப் போன் பண்ணிட்டேன்."

ஏரியக்கா அவன் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"மழை வர்ற மாதிரி இருந்தா போதும் சார், ஃபோர்மேன் பழைய ஆயில் ட்ரம்மை உருட்டிட்டு வந்துடுவார். மழையோட மழையா போயிடும்னு. மேலதிகாரிங்க கிட்ட சொல்லிப் பார்த்தேன், சிரிச்சாங்க. இவர்கிட்டயே கெஞ்சினேன். இன்னிக்குக் காலையிலயும் கெஞ்சினேன். தள்ளி விட்டுட்டு ட்ரம்மைச் சாய்ச்சார். மரத்தூள் அள்ள வெச்சிருந்த மண்வெட்டி என் கையில இருந்துச்சு..."

"அடிச்சதும் செத்துட்டாரா?"

அவள் தம்பியின் தலையைத் தடவினாள்.

"இல்ல சார். கை அசைஞ்சுது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். இந்தப் பக்கம் அவர்... அந்தப் பக்கம் ஆயில் ஓடிக்கிட்டிருக்கு. நான் ஆயில் பக்கம் ஓடிட்டேன் சார். மூடிட்டுத் திரும்பிப் பார்த்தா... கை அசையல. பயத்துல வீட்டுக்கு ஓடிட்டேன்."

சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதாள்.

இப்படி ஒரு வாக்குமூலத்தை இன்ஸ்பெக்டர் கேட்டதே இல்லை.

"அது ஆயில் இல்லம்மா. தண்ணியில ஏட்டோட டீயைக் கலந்தது. பால் விடாத டீ."

"பாதி ஃபிளாஸ்க் போச்சு," என்றார் ஏட்டு, நிஜமான துக்கத்தோடு.

ஏரியக்கா எழுந்தாள். தானாகவே கைகளை நீட்டினாள். விலங்கு விழுந்தது.

வாசலுக்கு வந்தபோது முதல் தூறல் விழ ஆரம்பித்தது. தம்பி பின்னாலேயே வந்தான்.

"அக்கா..."

"ஆஸ்பத்திரிக்குப் போடா. அவ தனியா இருப்பா. போறதுக்கு முன்னாடி அந்த மரத்தூளை அள்ளிட்டுப் போ, நல்ல மழை வரப்போகுது."

ஜீப்பின் ஓரமாக நின்று ஏட்டு ஃபிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. ஆறிப்போயிருந்தது. காலடியில் இருந்த வடிகால் கம்பியின் மேல் ஃபிளாஸ்க்கைச் சாய்த்தார்...

"யோவ் ஏட்டு! அதுல ஊத்தாதே! ஏரிக்குப் போகும்யா!"

கத்தியது ஏரியக்கா இல்லை. இன்ஸ்பெக்டர்!

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அழுத கண்ணோடு சிரித்தாள்.

"இத்தனை வருஷம் வகுப்பு எடுத்தேன் சார்... பாஸானது நீங்க ஒருத்தர்தான். அதுவும் வாத்தியாரை அரெஸ்ட் பண்ணிட்டு!"