விழிவகுப்புக் கட்டணம்

வான்கூவரிலிருந்து தூத்துக்குடிக்குத் தூங்கிக்கொண்டும் போகலாம், விழித்துக்கொண்டும் போகலாம். விழித்திருக்கக் கட்டணம் அதிகம். ஜெபசிங் அந்தக் கூடுதல் கட்டணத்தை வாழ்நாளில் ஒருமுறைகூடக் கட்டியதில்லை. அவருக்குத் தெரிந்தவர்களிலும் கட்டியவர் எவருமில்லை. பதினாறு மணி நேரம் ஓர் இருக்கையில் மடங்கிக் கிடப்பதற்கு யாராவது கூடுதலாகக் காசு கொடுப்பார்களா?

மற்ற எல்லோரையும்போல அவரும் உறைதுயில் பேழையில்தான் பறந்தார். விமான நிலையக் கூடத்திலேயே படுத்துவிட வேண்டும். மூக்கருகே மெல்லிய புகை வரும். உடல் குளிரும், நெஞ்சுத் துடிப்பு எப்போதாவது ஒன்று என்று குறையும். பிறகு பேழையை மூடி, அலமாரி இழுப்பறைபோல விமானத்துக்குள் தள்ளிவிடுவார்கள். வானத்தில் பதினாறு மணி நேரம் ஓடினாலும் உள்ளே இருக்கும் உடலுக்குச் சில நிமிடங்களே கழியும். பசி எடுக்காது. தாடி வளராது. இறங்கும்போது கால் வீங்காது.

ஒருவர் உட்காரும் இடத்தில் நான்கு பேரை அடுக்கலாம் என்பதற்காகத்தான் விமான நிறுவனங்கள் அதைக் கொண்டுவந்தன. மக்களுக்கோ வேறொன்று பிடித்துப்போனது: நேரம் வீணாவதில்லை. அப்புறம் பேழை எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. நெடுந்தூர ரயிலில், மருத்துவமனைக் காத்திருப்பு அறையில். தேர்வு முடிவு வரும்வரை பிள்ளைகளைத் துயிலில் வைத்த பெற்றோர்கூட உண்டு. ஜெபசிங்கின் அலுவலகத்தில் ஓயாமல் பறந்துகொண்டிருந்த ஓர் ஆய்வாளருக்கு, தம்பியே மூத்தவனாகிவிட்டான். பெண் பார்க்கப் போனால், “நாள்காட்டி வயசா, உடம்பு வயசா?” என்றுதான் முதலில் கேட்டார்கள்.

விமானத்தின் முன்பக்கத்தில் கோடீஸ்வரர்களுக்குப் படுக்கையறைகள் இருந்தன. அவற்றுக்கும் பேழை அடுக்குகளுக்கும் நடுவே சில வரிசை இருக்கைகள். அந்தக் காலத்துப் பிரீமியம் எகானமியின் மிச்சம் அது. கால் நீட்டக் கொஞ்சம் இடம், கொஞ்சம் நல்ல சாப்பாடு என்று சொல்லி விற்றதை, இப்போது விழிவகுப்பு என்று பெயர் மாற்றி விற்றார்கள். வாங்குவதா வேண்டாமா என்று யாரும் யோசிப்பதுகூட இல்லை.

ஹெப்சிபா யோசித்தாள்.

கணையத்தில் புற்று. மூன்று வாரம், மிஞ்சிப்போனால் நான்கு என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பிறந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும், கடல் காற்று படுகிற அந்த முன்னறையில் படுத்துக்கொள்ள வேண்டும் என்றாள். ஜெபசிங் மறுபேச்சில்லாமல் பயணத்துக்குப் பதிவு செய்ய உட்கார்ந்தார். சோபாவில் சாய்ந்திருந்தவள் திரையை எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, இந்தத் தடவ முழிச்சிட்டே போவமா?”

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார். “பதினாறு மணி நேரம் உக்காந்துக்கிட்டா? ஒடம்பு தாங்குமா ஒனக்கு?”

“சாஞ்சிக்கிடலாம்லா. படத்துல பாத்தேன். ரெண்டு ரெண்டு சீட்டாத்தான் இருக்கு.”

“உக்காந்து என்ன செய்ய?”

“என்ன செய்ய? பேசிட்டே போவோம்.”

அவள் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். அகதியாக வந்தவன் சொல்வதை நீதிபதிக்கும், நீதிபதி சொல்வதை அவனுக்கும் எடுத்துச் சொல்வது வேலை. எவனோ ஒருவனுக்காக, “நான் என் மகனை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்” என்று தன் வாயால் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சோறு வடிப்பாள். ஜெபசிங்குக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலில் சரக்குப் பெட்டிகளை எந்த வரிசையில், எந்த எடைக்கு மேல் எதை அடுக்குவது என்று திட்டமிடுபவர். கப்பல் வரும் நேரம்தான் அவருடைய நேரம். இருபத்தேழு வருடத் தாம்பத்தியத்தில் இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் குப்பை வண்டி என்றைக்கு வரும், காருக்கு எப்போது டயர் மாற்றுவது என்பதுதான். பிள்ளைகள் இல்லை. எங்காவது காத்திருக்க நேர்ந்தால் இருவரும் ஆளுக்கொரு பேழையில் படுத்துவிடுவார்கள்.

“பெருசா ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டார்.

“பெருசா ஒண்ணும் இல்ல. சும்மாத்தான். இத்தன வருசமும் அடுத்தவன் பேச்சையே பேசி முடிச்சாச்சு.”

பணத்தைப் பார்த்து அவர் தயங்கவில்லை. அதைப் பிற்பாடு பலமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், உண்மையும் அதுதான். பேழைக் கட்டணத்தைவிட ஏறக்குறையப் பாதி அதிகம். அது அவர்களால் முடியாததல்ல. ஆனால் இடுக்கு விடாமல் அடுக்கியே பழகிய மனது அவருடையது. காலை மருந்துக்கும் வலி திரும்புவதற்கும் இடையில் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம்தான் அவள் தெளிவாக இருந்தாள். உட்கார்ந்தபடி அவ்வளவு தூரம் போனால் களைப்பு தீர மூன்று நான்கு நாளாகும் என்றார் மருத்துவர். பேழையில் போனால் உடம்புக்குப் பயணம் போனதே தெரியாது. அவளுக்கு மிச்சமிருக்கும் நாட்களைத் திரையில் கட்டங்களாக வரைந்து, நல்ல நேரத்துக்குப் பச்சை, களைப்புக்குச் சாம்பல் என்று நிறம் கொடுத்து அவளிடம் காட்டினார். விழிவகுப்பில் போனால் சாம்பல் எவ்வளவு, பேழையில் போனால் பச்சை எவ்வளவு என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

“அந்தப் பதினாறு மணி நேரமும் ஒனக்கு மிச்சம், ஹெப்சி. ஊருக்குப் போயி ஆற அமர இருந்து பேசுவோம். யாரு கேக்கப் போறா?”

அவள் அந்தக் கட்டங்களை வெகுநேரம் பார்த்தாள்.

“கணக்கு சரியாத்தான் இருக்கு,” என்றாள். பிறகு, “மிச்சம் பிடிச்சத யாரு எடுத்துக் கையில குடுப்பாவ?” என்று கேட்டாள்.

“என்னது?”

“ஒண்ணுமில்ல. பேழையே போடுங்க.”

விமான நிலையத்தில் எடை பார்த்துத்தான் இடம் ஒதுக்குவார்கள். அவளை இடப்பக்க அடுக்குக்கு அழைத்துப் போனார்கள், இவரை வலப்பக்கத்துக்கு. போகும்போது அவள் திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். அவருக்குப் புகையின் வாசனை தெரிந்தது. அடுத்த கணம் தூத்துக்குடியின் புழுக்கம் முகத்தில் அடித்தது.

ஹெப்சிபா தானாகவே நடந்து வெளியே வந்தாள். முகம் தெளிந்திருந்தது. வாசலில் நின்ற தங்கை மெர்சி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். “நல்லாத்தான இருக்கா அத்தான்! இவளுக்கா சீக்குன்னு சொன்னிய?” என்றாள். ஜெபசிங்குக்குப் பெருமையாக இருந்தது. தன் கணக்கு பொய்க்கவில்லை என்று நினைத்தார்.

மறுநாள் காலையிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

சித்தப்பா வீட்டார் வந்தார்கள். கூடப் படித்தவர்கள் பன்னும் பழமும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். சபையார் வந்து ஜெபித்தார்கள். அவள் தெளிவாக இருக்கும் நேரம் எதுவென்று ஊரெல்லாம் தெரிந்துபோய், சரியாக அந்த நேரத்துக்கே வந்தார்கள். தூரத்திலிருந்து வந்தவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது. முன்னறையில் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொள்ள, ஆண்கள் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். வீட்டு மாப்பிள்ளை என்று ஜெபசிங் அவர்களுடன் இருக்க வேண்டியதாயிற்று.

“அத்தான், பாஸ்டர் வந்திருக்காவ. ரெண்டு சேர் போடுங்க.”

போட்டார்.

“அத்தான், காப்பிக்குப் பால் பத்தாது போல.”

போய் வாங்கி வந்தார். திரும்பி வரும்போது சன்னல் வழியே ஹெப்சிபாவின் குரல் கேட்கும். யாருக்கோ வான்கூவர் பனியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பாள். ஒருநாள் நீதிமன்றத்தில் நடந்த ஏதோ ஒன்றைச் சொல்ல, பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவருக்கு அந்தக் கதை தெரியாது. பால் பாக்கெட்டுடன் சன்னலோரம் நின்று மீதியைக் கேட்கப் பார்த்தார். அதற்குள் முற்றத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து மெர்சியை அழைத்து, “இன்னைக்கி யாரையும் உள்ள விடாத. நாங்க கொஞ்சம் இருக்கோம்,” என்றார். மெர்சி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவர் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார். ஹெப்சிபா கண்ணைத் திறந்தாள்.

“கூட்டம் போயிட்டா?”

“போயிட்டு. பேசு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. “பேசுன்னா எப்படி? எங்கேர்ந்து ஆரம்பிக்க?” அவர் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். “அலுப்பா இருக்குங்க. இத்தினி நாளு பேசினது. செத்த கண்ண மூடிட்டு வாரேன். நீங்க எங்கயும் போயிராதிய.”

அவர் எங்கும் போகவில்லை. அவள் எழுந்தபோது வலியும் எழுந்தது. ஊசி போட வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு நல்ல நேரம் என்பதே மெலிந்துகொண்டு வந்தது. பாளையங்கோட்டையிலிருந்து உறவினர் ஒருவர் பார்க்க வந்த பிற்பகலில் ஹெப்சிபா இறந்துபோனாள். அவரை வழியனுப்ப ஜெபசிங் வெளிவாசல்வரை போயிருந்தார். வந்தவரின் பெயர் என்னவென்று நினைவுக்கு வராமல், “சரிங்கண்ணே, சரிங்கண்ணே” என்று சமாளித்துக்கொண்டிருந்தபோதுதான் உள்ளே பாடிக்கொண்டிருந்த பெண்கள் பாட்டை நிறுத்தினார்கள்.

அடக்கம் முடிந்து, நினைவு ஆராதனையும் முடிந்தது. ஜெபசிங் மாடியில் தனியாக உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அந்தப் பதினாறு மணி நேரத்தைத் தேடினார். மிச்சம் பிடித்தது உண்மை. அவள் நடந்து வந்ததும், தெளிவாகப் பேசியதும், சிரித்ததும் அதனால்தான். எல்லாரும் அதில் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் யார் மேலும் கோபப்பட முடியாது. அது அவருக்கென்று மிச்சம் பிடித்தது என்று அவர்களுக்குத் தெரியாது. அவரும் அதன்மேல் பெயர் எழுதி ஒட்டி வைக்கவில்லை.

திரும்பிப் போகப் பதிவு செய்தபோது விரல் தானாகவே விழிவகுப்பைத் தொட்டது. கட்டணத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார். வரும்போது காட்டியதைப்போல மூன்று மடங்கு. ஏதோ தவறு என்று நிறுவனத்தைக் கூப்பிட்டார். ஓர் இளைஞன் பேசினான்.

“தப்பு இல்ல சார், அதான் ரேட்டு. இங்க வர்ற பக்கம் அந்த கேபின்ல ஆளே இருக்காது. பாதி விலைக்குக்கூடக் குடுக்கோம். போற பக்கந்தான் எடம் கெடைக்காது.”

“ஏன் அப்படி?”

“தெரியல சார். விலைய நாங்க வைக்கதில்ல, விலைகணிப்பான் வைக்குது. எவ்வளவு ஏத்துனாலும் எடுக்காங்க, அதனால அது ஏத்திக்கிட்டே போவுது.”

ஜெபசிங் எடுத்தார்.

சன்னலோர இருக்கை. கால் நீட்ட இடம் இருந்தது. இருக்கை நன்றாகவே சாய்ந்தது. ஹெப்சிபா தாங்கியிருப்பாளா என்று ஒருகணம் அளந்து பார்த்தார். தலையணையை இப்படி வைத்து, கால்களை அவர் மடியில் போட்டுக்கொண்டால் தாங்கியிருப்பாள். விழிவகுப்பு அறை நிறைந்துவிட்டது. பக்கத்து இருக்கையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன். மொட்டை அடித்த தலையில் முடி முளைத்துக்கொண்டிருந்தது. முன்னால் வெள்ளைச் சேலையில் ஓர் அம்மாள். விமானம் கடலைத் தாண்டும்போது மெல்லிய பேச்சுச் சத்தம் அறையெங்கும் எழுந்தது. பக்கத்துப் பக்கத்து ஆட்கள் பழகிக்கொள்கிறார்கள் என்று எண்ணினார்.

தண்ணீர் கேட்கலாமென்று எட்டிப் பார்த்தபோதுதான் கவனித்தார். யாரும் யார் பக்கமும் திரும்பியிருக்கவில்லை. ஒவ்வொருவரும் நேரே முன்னால் பார்த்துக்கொண்டோ கண்ணை மூடிக்கொண்டோ பேசிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சேலை அம்மாள் யாரிடமோ கடிந்துகொண்டாள்: “அன்னைக்கே டாக்டர்ட்ட போவோம்னு சொன்னன்லா.” மொட்டைத் தலைக்காரன் கைக்குட்டையை வாய்மேல் வைத்துக்கொண்டு, “அப்பா, அந்த நெலத்த நான் விக்க மாட்டேம்ப்பா,” என்றான். கொஞ்ச நேரம் பதிலைக் கேட்பவன்போலச் சும்மா இருந்தான். பிறகு தொடர்ந்தான்.

பணிப்பெண் ஒருத்தி வந்து விளக்கைத் தணித்தாள். ஜெபசிங் அவளைப் பார்த்த பார்வையில் கேள்வி இருந்திருக்க வேண்டும். குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“இந்தப் பக்கம் போகும்போது இப்படித்தான் சார். ஊர்ல துக்கம் முடிஞ்சு திரும்புறவங்கதான் அதிகம். நடுவுல யாரையும் கூப்பிடக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. ஒங்களுக்கும் பேசணும்னா பேசுங்க. யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.”

அவர் தலையசைத்தார். அவள் போனபின் சன்னல் பக்கம் திரும்பி, “ஹெப்சி,” என்றார்.

 சுற்றிலும் எல்லாரும் சொல்லாமல் விட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவரிடம் அப்படி ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியிருந்தவள் அவள். பன்னுடன் வந்த தோழிகள் கேட்டுச் சிரித்த அந்த நீதிமன்றக் கதையின் முடிவுகூட அவருக்குத் தெரியாது. வரும்போது விமானத்தில் அவர் செய்ய வேண்டியிருந்ததெல்லாம், “ம்” கொட்டிக்கொண்டு கேட்பது ஒன்றுதான்.

அறை முழுக்க முணுமுணுப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஜெபசிங் இருக்கையைச் சாய்க்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து, வான்கூவர் வரும்வரை காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.