லைனிலேயே இருங்கள்

பகல் செய்தியின் முதல் நாள் ஒளிபரப்பு டேப்பில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

வாசிப்பாளர் காகிதங்களைத் தட்டிச் சரிசெய்து, வணக்கம் சொல்ல வாயெடுக்கும் முன் வரும் அந்தச் சின்ன மௌனத்தில் அது கேட்டது. ஈரமான, நிதானமான மூச்சு.

"அக்கா, இது ஏசி சத்தமா?" என்றான் எடிட்டர். அவனை அலுவலகத்தில் எல்லாரும் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பழைய டேப். இரைச்சல் இருக்கத்தான் செய்யும். விடு."

"இரைச்சல் எங்கயாவது மூச்சு வாங்குமாக்கா?" என்று சிரித்தான். தயாரிப்பாளரான அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பகல் செய்தியை மூடுகிறார்கள். கேபிள் வயர் மொட்டை மாடி மொட்டை மாடியாகத் தாவி வீடுகளுக்குள் நுழைந்த காலத்தில் தொடங்கிய நிகழ்ச்சி அது. அடுப்படி வேலை முடிந்து உட்காருகிறவர்களையும், ஓய்வு பெற்றவர்களையும், இரவு வேலைக்குப் போய் வந்து பகலில் தூக்கம் பிடிக்காதவர்களையும் நம்பியே இத்தனை காலம் ஓடியது. இப்போது அவர்களும் கைபேசிக்குப் போய்விட்டார்கள். கடைசி நாளன்று நிகழ்ச்சியின் வரலாற்றைத் தொகுத்துப் போட்டுக் கௌரவமாக முடித்துக்கொள்ளுங்கள் என்று மேலிடம் சொல்லிவிட்டது. உதவியாளராக வந்து இங்கேயே நரைத்துப்போன அவள் தலையில்தான் அந்த வேலை விழுந்தது.

எடிட்டிங் அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே வெயில் கொளுத்தும் நேரத்திலும் உள்ளே இருட்டு, தூசி, சூடேறிய பிளாஸ்டிக் வாசனை. ஒவ்வொரு டேப்பாகப் போட்டார்கள். தேர்தல், புயல், விலைவாசி. நேயர்கள் போனில் பேச ஆரம்பித்த வருஷம். அரங்கத்துக்கு நீல வண்ணம் அடித்த வருஷம். எல்லாவற்றிலும் அந்த மூச்சு இருந்தது. போகப்போக நெருங்கி வந்தது. பிறகு மூச்சுக்கு அடியில் இன்னொரு சத்தமும் சேர்ந்துகொண்டது. நிறைந்த தொட்டியில் யாரோ மெதுவாகக் கையை அளைவது போல.

அடுத்த டேப்பை அவள் ஒதுக்கி வைத்தாள்.

வெள்ளம் வந்த வருஷம். ஒரு பெண் நேரலைக்குப் போன் செய்தாள். வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர் என்றாள். கொஞ்ச நேரத்தில் இடுப்புவரை என்றாள். ஊரே அவள் குரலைக் கேட்டுக்கொண்டு உறைந்திருந்தது. விளம்பர இடைவேளையில் இணைப்பு, அன்றும் தயாரிப்பாளராக இருந்த இவள் காதுக்கு வந்தது.

"மாடிக்குப் போயிடட்டுமாம்மா? தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. ஆனா அங்க சிக்னல் கிடைக்காது."

"இப்ப போனா லைன் கட்டாயிடும்மா. அடுத்து உங்ககிட்டதான் வர்றோம். ஊரே பாத்துட்டிருக்கு, உதவி வந்துடும். லைன்லயே இருங்க."

அந்தப் பெண் இருந்தாள். சொன்ன பேச்சைக் கேட்கிறவள். விளம்பரம் முடிந்து மறுபடி பேச ஆரம்பித்தபோது பின்சுவர் இடிந்தது. மிச்சத்தையும் ஊர் கேட்டது.

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். மூழ்கின வீட்டிலும் அப்படித்தான். அந்த ஒளிபரப்புக்கு விருது கிடைத்தது. மேடையேறி, கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கியது தயாரிப்பாளர்தான். இடைவேளைப் பேச்சு எங்கேயும் பதிவாகவில்லை. அதை அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி உயிரோடு இல்லை.

"வெள்ளத்த எங்க வைக்கலாம்? நம்ம பெரிய நாள் அதுதானக்கா?"

"அதைத் தூக்கிடு."

"அவார்டு வாங்கினதாச்சே!"

"தூக்குன்னு சொல்றேன்ல."

கத்திரி வெட்டினான். முழுசாக ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று முதலிலிருந்து போட்டான். முதல் நாள் வாசிப்பாளர் வணக்கம் சொல்ல வந்தவர், சொல்லவில்லை. தலையை மெல்லச் சாய்த்தார். யாரோ கூப்பிட்டது போல. அந்த மௌனத்துக்குள்ளிருந்து கனிவான, அவசரமான ஒரு குரல்.

"லைன் கட்டாயிடும்மா. லைன்லயே இருங்க."

கத்திரி ஹெட்போனைக் கழற்றினான். "உங்க குரல்க்கா. இந்த டேப் எடுத்தப்ப நீங்க இங்க வேலைக்கே சேரலயே."

டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவன் திரும்பவில்லை. தொகுப்பை அவள் அப்படியே அனுப்பினாள். வேறென்ன செய்ய? யாரிடம் போய் என்னவென்று சொல்ல?

கடைசி நாள், நண்பகல். தொகுப்பு ஓடத் தொடங்கியதும், முடிவில் எல்லாரும் ஒன்றாக நின்று கையசைக்க வேண்டும் என்று கட்டுப்பாட்டு அறை ஆட்கள் கீழே அரங்கத்துக்கு ஓடினார்கள். "நீங்களும் வாங்க மேடம்!" என்று ஒருத்தர் கூப்பிட்டார். வருகிறேன் என்றாள். எழவில்லை.

எதிரே சுவர் முழுக்கத் திரைகள். எல்லாவற்றிலும் பழைய முகங்கள், பழைய சிரிப்புகள். பிறகு ஒரு திரை இருண்டது. அடுத்தது. அதற்கடுத்தது.

மறுபடி வெளிச்சம் வந்தபோது எல்லாத் திரையிலும் ஒரே அறை. உத்தரத்திலிருந்து பார்ப்பது போல. பழுப்புத் தண்ணீர். மிதக்கும் தலையணை. கழுத்தளவு தண்ணீரில் ஒரு பெண், காதில் போன்.

தயாரிப்பாளருக்குக் குரல்தான் தெரியும். முகத்தை இன்றுதான் பார்க்கிறாள். சாதாரண முகம். கோபமே இல்லை.

மேஜையில் நேயர் இணைப்பின் விளக்கு எரிந்தது. கை தானாகப் போய் எடுத்தது.

"மாடிக்குப் போயிடட்டுமாம்மா?"

எத்தனையோ வருஷமாக உள்ளுக்குள் ஒத்திகை பார்த்த பதில். தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"போங்கம்மா! போனைத் தூக்கிப் போட்டுட்டு மேல போங்க. தயவுசெஞ்சு போங்க!"

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். யோசித்தாள். மெதுவாக நகர்ந்து, தனக்குப் பின்னால் இருந்ததைக் காட்டினாள்.

மாடிப்படி.

படி முழுக்க ஆட்கள். முகமெல்லாம் கரி படிந்த ஒருவர். தலைமுடியில் கண்ணாடிச் சில்லுகளோடு ஒருத்தி. இடிந்த ஆலையின் சிமென்ட் தூசி அப்பிய ஒருவர். புயல், தீ, விபத்து. பகல் செய்தி இத்தனை வருஷமாகக் காட்டியவர்கள். ஒட்டி ஒட்டி நின்றார்கள். இருட்டுக்குள், கதவுவரை. ஒவ்வொரு காதிலும் ஒரு போன்.

யாரும் அசையவில்லை. திரைக்கு வெளியே இருக்கும் அவள் அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இடமில்லம்மா," என்றாள் அந்தப் பெண்.

தண்ணீர் வாய்க்கு ஏறியது. கண்ணுக்கு. நெற்றிக்கு. பழுப்பு நீருக்கு மேலே ஒரு கை மட்டும் நின்றது, போனை நனையாமல் உயர்த்திப் பிடித்தபடி.