ஒரே நாளில் இரண்டு முறை வந்த சேவல்

"சூயுஞ்சு! சூயுஞ்சு!" என்று கத்திக்கொண்டே நான் தெரு முழுக்க ஓடினேன்.

எங்கள் ஊரில் நல்ல சேதி கொண்டுவருகிறவர் இப்படித்தான் கத்துவார். கேட்பவர் முதலில் ஏதாவது பரிசு தர வேண்டும். அப்புறம்தான் சேதி. தலைநகர் பிஷ்கெக்கில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஜாஸ்குல் அக்காவுக்கு இடம் கிடைத்திருந்தது. சும்மா இருக்க முடியுமா?

பூபுசாரா அத்தை கம்பளிக் காலுறை கொடுத்தார்; அங்கேயே மாட்டிக்கொண்டேன். அடுத்த வீட்டில் சுடச்சுடப் பொரித்த போர்சோக் ரொட்டி கிடைத்தது. அதை வாசலிலேயே தின்று தீர்த்தேன். கால்நடை டாக்டர் ஷர்ஷென் மாமா ஒரு சேவலையே தூக்கிக் கொடுத்தார். அவர் முகம் மட்டும் ஏனோ வாடியிருந்தது.

"அக்கா, பாரு, சேவல்!" என்று வீட்டுக்குள் பாய்ந்தேன்.

"எதுக்குடி சேவல்?"

"நீ காலேஜ் போறதுக்கு சூயுஞ்சு!"

அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "போறேன்னு நான் எப்ப சொன்னேன்? ஷர்ஷென் மாமா என்னை உதவியாளா வேலைக்குக் கூப்பிட்டிருக்காரு. நாளைக்கு மந்தைங்க மேயுற மலைக்குக் கிளம்புறாரு. அவருக்கு இன்னைக்கே பதில் சொல்லணும். காலேஜுக்கும் அஞ்சு மணிக்குள்ள சொல்லணும்."

அவர் முகம் வாடிய காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"அம்மா, அப்பா என்ன சொன்னாங்க?"

"'உன் இஷ்டம்'னு சொல்லிட்டு சந்தைக்குப் போயிட்டாங்க. நாலு திட்டு திட்டியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும்."

"உனக்கு எது பிடிச்சிருக்கு?"

"ரெண்டும்தான்! அதான் கஷ்டமே. போன மாசம் ஒரு குதிரைக்குப் பிரசவம் பார்த்து, குட்டிய நானே பிடிச்சு வெளியே எடுத்தேன்ல? அந்த வேலைய விட மனசு வரல. ஆனா மறுநாள் அதுக்குக் காய்ச்சல் வந்தப்ப, ஏன்னு எனக்குத் தெரியல. படிச்சாத்தானே தெரியும்?" அக்காவின் குரல் உடைந்தது. "இப்ப தெருவே சூயுஞ்சு கொடுத்தாச்சு. இனிமே போகாம இருந்தா நல்லாவா இருக்கும்? ஒரு சேவலுக்காக நான் காலேஜ் போகணுமா, சொல்லு!"

சேவல் என்னைப் பார்த்தது. நான் தரையைப் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காலுறையைக் கழற்றினேன். சேவலை இடுக்கிக்கொண்டு மறுபடி ஓடினேன்.

"சூயுஞ்சுவ யாராவது திருப்பிக் கொடுப்பாங்களாடி?" என்றார் பூபுசாரா அத்தை.

"அக்கா இன்னும் முடிவு பண்ணல அத்தை. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

"உன் வாய்க்கு ஒரு கடிவாளம் வாங்கிப் போடணும்!" என்று சிரித்தபடியே காலுறையை வாங்கிக்கொண்டார். போர்சோக் கொடுத்த வீட்டில் மன்னிப்பு மட்டும் கேட்டேன். வேறென்ன செய்வது?

ஷர்ஷென் மாமா வேனில் மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். சேவலைத் திருப்பிக் கொடுத்தேன்.

"அப்போ ஜாஸ்குல் எங்கூட வர்றாளா?" அவர் கண் பளிச்சென்றது.

"அதுவும் தெரியாது மாமா. அவதான் சொல்லணும். ஏன், ரெண்டும் செய்ய முடியாதா?"

"காலேஜ் அங்க இருக்கு. என் ஆடு மாடெல்லாம் இங்க இருக்கு. ஆளை ரெண்டா வெட்டவா முடியும்?"

"பனி கொட்டுறப்பவும் வேலை இருக்குமா?"

"அப்ப மூணு மாசம் பெரிசா ஒண்ணும் இருக்காது. சும்மா டீ குடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்."

"நீங்க டீ குடிக்கிறப்ப அவ படிக்கட்டுமே!"

மாமா பெட்டியைக் கீழே வைத்தார். அவரும் அந்தக் கல்லூரியில் படித்தவர்தான். "என் காலத்துல அப்படியெல்லாம் கிடையாது. இப்ப எப்படியோ..." என்று சொல்லிக்கொண்டே கல்லூரி அலுவலக எண்ணைத் தேடிப் போட்டு, கைபேசியை என்னிடமே கொடுத்துவிட்டார்.

"யாரு பேசறது?" என்றது ஒரு பெண் குரல்.

"சைகால். எனக்குப் பத்து வயசு. ஆனா கேள்வி பெரிய கேள்வி." மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கேட்டு முடித்தேன்.

அந்த அம்மா சிரித்தார். "வேலை பார்த்துக்கிட்டே படிக்கிற வகுப்பு இந்த வருஷம்தான் ஆரம்பிச்சிருக்கோம். குளிர்காலத்துல மட்டும் இங்க வந்து தங்கினா போதும். ரெண்டே இடம்தான் மிச்சம். உங்க அக்காவே அஞ்சு மணிக்குள்ள பேசணும்."

மணி நாலே முக்கால்.

நான் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு பூபுசாரா அத்தை வாசலிலேயே கழன்று விழுந்துவிட்டது. வீட்டில் அக்கா கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சூயுஞ்சு!" என்று கத்தினேன்.

"மறுபடியுமா? ஓடிப் போயிடு!"

"முதல்ல பரிசு! அப்புறம்தான் சேதி! சீக்கிரம், அஞ்சு மணி ஆகப்போகுது!"

"என் சைக்கிளை எடுத்துத் தொலை! சொல்லு!"

சொன்னேன். அக்கா எழுந்து, ஜன்னல் பக்கம் போய், தானே எண்ணைப் போட்டாள். "ஆமா... ஆமாங்க... வேலையும் பார்க்கிறேன், படிக்கவும் செய்றேன்" என்று அவள் சொன்னபோது குரலில் துளி நடுக்கம்கூட இல்லை. அடுத்து ஷர்ஷென் மாமாவுக்குப் போன். "நாளைக்கு எத்தனை மணிக்கு மாமா கிளம்பணும்?"

எனக்கு நாக்கு துடித்தது. ஆனாலும் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளால். "சரி, இப்பப் போய்ச் சொல்லுடி!"

என் சைக்கிள் பறந்தது. இருட்டுவதற்குள் காலுறை, என் செருப்பு, இரண்டு கை நிறைய போர்சோக், எல்லாம் வீடு வந்து சேர்ந்தன. முன்கூடையில் கழுத்தை நீட்டிக்கொண்டு அதே சேவல்!