மூன்று பாட்டில்களும் ஒரே எண்ணெயும்

வீட்டில் அவளுக்கு மூக்கி என்று பட்டப்பெயர். எதிர்வீட்டில் பால் தீய்ந்தால்கூட முதலில் அவளுக்குத்தான் தெரியும். ஆனால் அம்மாவும் சித்தியும் சண்டை போட்ட சமயம் பார்த்து அவளுக்கு ஜலதோஷம். அந்த மூக்கை நினைத்தால் அவளுக்கு இன்னும் எரிச்சலாக வரும்.

அம்மாவும் சித்தியும் எண்ணெய், வினிகர், கடுகு விழுது மூன்றையும் ஒன்றாக அடித்து, சாலட் சாஸ் செய்து விற்றார்கள். எண்ணெய் வாங்குவது சித்தி. தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று வெயில் விழும் சன்னலில் பாட்டில்களை அடுக்குவது அம்மா.

ஒருநாள் வாங்கியவர்கள் எல்லோரும் பாட்டில்களோடு திரும்பி வந்தார்கள். ஒரே சிக்கு வாடையாம்!

"மட்டமான எண்ணெயை என் தலையில கட்டிட்டியே!" என்று அம்மா கத்தினாள்.

"நான் அப்படிச் செய்வேனாக்கா?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சித்தி ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனவள்தான், அப்புறம் வரவே இல்லை.

ஜலதோஷம் போனதும் மூக்கி எண்ணெய் டின்னை முகர்ந்தாள். நன்றாகத்தான் இருந்தது. சன்னல் பாட்டிலைத் திறந்தால் குப்பென்று வாடை. அதன் பக்கத்திலேயே, தையல்கார மாமா கேட்டாரென்று ரோஸ்மேரி என்ற வாசனை இலையை எண்ணெயில் ஊறவைத்துச் செய்த சாஸ் பாட்டில். அதில் வாடையே இல்லை!

"அம்மா, எல்லாம் ஒரே டின் எண்ணெய்தானே?"

"ஆமா. பெரிய துப்பறியும் புலி! போய்ப் படி."

மூக்கி விடவில்லை. அதே எண்ணெயில் மூன்று சின்ன பாட்டில் சாஸ் செய்தாள். இலை போட்டது ஒன்றும் போடாதது ஒன்றும் சன்னலுக்குப் போயின. போடாத இன்னொன்று அலமாரிக்குள் போனது.

சில வாரம் கழித்து, சன்னலில் இருந்த வெறும் சாஸ் மட்டும் நாறியது. அறிவியல் டீச்சர் காரணம் சொன்னார்: "எண்ணெயை அடிச்சா பொடிப்பொடித் துளியா பிரியும். காத்தும் வெயிலும் அதைச் சீக்கிரம் கெடுத்துடும். அந்த இலையோட சத்து, எண்ணெய்க்கு விழவேண்டிய அடியை முதல்ல தானே வாங்கிக்கும்."

அம்மா மூன்றையும் முகர்ந்தாள். முகம் வாடிப்போயிற்று.

"சன்னல்ல வெச்சது நான்தானே?"

"சித்திகிட்ட சொல்லும்மா."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போவேன்?"

ஆனாலும் இலை போட்ட பாட்டிலை எடுத்துக்கொண்டு இருவரும் போனார்கள். சித்தி கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"முகர்ந்து பார்த்துட்டேன், எண்ணெய்ல குத்தம் இல்லடி. தப்பு என்மேலதான்" என்றாள் அம்மா.

"எண்ணெயை முகர்ந்து பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டே, சரி. என்னைத் தெரிஞ்சுக்க இத்தனை வருஷம் பத்தலையாக்கா?"

சித்தி பாட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். வழியெல்லாம் அம்மா அழுதாள். உண்மையைக் கண்டுபிடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் மூக்கி நினைத்திருந்தாள்.

அந்த வாரக் கடைசியில், கழுவின காலி பாட்டில் ஒன்று வாசலில் இருந்தது. மூக்கி முகர்ந்தாள். சோப்பு வாசனைக்கு அடியில் லேசாக ரோஸ்மேரி.

"அம்மா! சித்தி முழுசா சாப்பிட்டிருக்காங்க!"

அம்மா சித்தியின் ஏப்ரனைத் துவைத்து, அதே ஆணியில் மாட்டினாள்.

மூக்கி இலை போட்ட சாஸை அந்தப் பாட்டிலில் நிரப்பி, இறுக்க மூடி, அலமாரியின் இருட்டு மூலையில் வைத்தாள். சித்தி வருகிறவரை அது கெடக்கூடாது.