கூடத்தில் யானை, மாடியில் மீன்

பள்ளியில் ஓவியக் கண்காட்சி நாள். கூடத்துத் திரையில் யானை இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம்தான் தெரிந்தது.

"அக்கா, என் யானை எங்க? அம்மா வந்துட்டு இருக்காங்க!" முதல் வகுப்பு வாண்டு, அக்கா சுருட்டையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

சுருட்டை மடிக்கணினியின் முன் குனிந்தாள். சின்னப் பிள்ளைகளின் ஓவியங்களைக் காட்டும் இணையப் பக்கத்தை அவளும் வகுப்புத் தோழன் நெட்டையும்தான் செய்திருந்தார்கள். யார் பக்கத்தைத் திறந்தாலும் படங்களைத் தேடியெடுத்துக் கொடுக்க ஒரு சர்வர் நிரலும் எழுதியிருந்தார்கள். கூடத்தில் இருந்த அப்பாவின் மடிக்கணினியிலும் மாடியில் இருந்த பள்ளிக் கணினியிலும் அதே நிரல்தான் ஓடியது. ஒருவர் அதைத் திருத்தினால் இரண்டிலும் மாறிவிடும்.

அவசரமாக நிரலைத் திறந்தாள். 'படங்கள் இருக்கும் இடம்' என்ற வரியை யாரோ மாற்றியிருந்தார்கள்! பழையபடி, மடிக்கணினியில் படங்கள் இருந்த பகுதியான 'டி டிரைவ்' என்று எழுதிச் சேமித்தாள். யானை வந்தது.

படிகளில் தடதடவென்று சத்தம். நெட்டை மூச்சிரைக்க வந்து நின்றான்.

"யாரு மாத்தினது? மேல எல்லாப் படமும் போச்சு!"

"ஓ, இது உன் வேலையா? நீ சரிபண்ணின லட்சணத்துல இங்க எல்லாம் காலி!"

"பள்ளிக் கணினியில டி டிரைவே கிடையாது. இல்லாத இடத்துல தேடினா படம் எங்கேருந்து வரும்?"

வாசலில் பெற்றோரின் பேச்சுக் குரல்கள் கேட்டன. நெட்டை விசைப்பலகைக்குக் கை நீட்டினான். சுருட்டை சட்டென்று தடுத்தாள்.

"மாடியில என் தம்பி அழுதுட்டு இருக்கான்" என்றான் அவன். "அவன் வரைஞ்ச மீனைக் காணோம்."

சுருட்டையின் கை தானாக இறங்கியது. மீனும் தெரிய வேண்டும், யானையும் தெரிய வேண்டும். என்ன செய்வது?

கணினிக்குள் எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது இயங்குதளம். இந்த இரண்டு கணினிகளிலும் இருந்தவை வேறு வேறு இயங்குதளங்கள். ஒன்று, இடத்தை டிரைவ்களாகப் பிரித்து வைக்கும். இன்னொன்று, எல்லாவற்றையும் ஒரே மரத்தின் கிளைகளைப் போல அடுக்கும். இரண்டிலும் தப்பில்லை.

"டேய், நாம ஏன் அடிச்சுக்கணும்? நிரலையே கேக்க வைப்போம்!"

"யாருகிட்ட?"

"அது ஓடுற கணினிகிட்ட. 'உன் இயங்குதளம் எது?'ன்னு கேக்கட்டும். இங்க இருக்கிறதுன்னா டி டிரைவ். மேல இருக்கிறதுன்னா நீ எழுதின இடம். சீக்கிரம் சொல்லு!"

அவன் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள்.

"ஐயோ, இடத்தோட பேருக்கு நடுவுல போடுற சாய்கோடு அந்தப் பக்கம் சாயக் கூடாது. மேல இருக்கிற கணினி அதை ஒத்துக்காது."

திருத்திச் சேமித்தாள். திரை வெறுமையானது. வாண்டுவின் உதடு துடித்தது.

பிறகு யானை வந்தது, நீலத் தும்பிக்கையோடு.

நெட்டை படிகளைத் தாவித் தாவி ஏறி ஓடினான். அம்மா உள்ளே வந்தார். "அட, யானை ஜோரா இருக்கே! யார் வரைஞ்சது?"

"நான்தான்! நான்தான்!"

சுருட்டை மட்டும் காதை மேலேயே வைத்திருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. இன்னும் இல்லை.

"என் மீனு!" என்று மாடியிலிருந்து ஒரு கீச்சுக் குரல் கூவியது.

அதற்குப் பிறகுதான் சுருட்டை நாற்காலியில் உட்கார்ந்தாள்.