மூன்றாவது போர்வை

“என் பையில இருந்து எதுவும் காணாமப் போகலைம்மா. கூடிக்கிட்டே போகுது. அதுதான் பிரச்சினை.”

இப்படிச் சொல்லிவிட்டு வரலாற்று வாத்தியார் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எதிரே இருந்த சுருக்கெழுத்து அம்மா, நீதிமன்றத்தில் பல வருடங்கள் சாட்சிகள் பேசியதை ஒரு சொல் விடாமல் எழுதியவர். ஓய்வு பெற்ற பிறகு அடுத்தவர்களின் குழப்பங்கள் அவரைத் தேடி வந்தன. பக்கத்தில் அவருடைய நாத்தனார் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றாள்.

மலைகளுக்கு நடுவே இடிந்து கிடக்கும் பழைய கல்நகரம் ஒன்றுக்கு வாத்தியாரும் அவருடைய மச்சானும் மறுநாள் விடியற்காலை புறப்படுவதாக ஏற்பாடு. சாலை முடிந்த இடத்திலிருந்து நடைதான். மழை பிடித்துக்கொண்டால் அந்தப் பாதையும் இருக்காது. எல்லாவற்றையும் இரண்டிரண்டாகக் கட்டி வைத்திருந்தார். ஒருநாள் பார்த்தால் போர்வை மூன்று. பிறகு தம்ளர் மூன்று. நேற்று கம்பளிக் குல்லாயும் மூன்று.

“வீட்ல கேட்டீங்களா?” என்றார் சுருக்கெழுத்து அம்மா.

“எப்படிம்மா கேட்கிறது? நானே வச்சுட்டு மறந்திருந்தா?” வாத்தியாரின் குரல் இறங்கியது. “எங்கப்பா கடைசியில என்னையே யாருன்னு கேட்டாரு. எனக்கும் அது ஆரம்பிச்சிருந்தா, மச்சானை நம்ப வச்சு மலைக்குக் கூட்டிட்டுப் போறது பாவம். பயணத்தை விட்டுடறேன். ஆனா இன்னைக்கே தெரிஞ்சாகணும்.”

“கடத்தல் அண்ணி!” என்றாள் நாத்தனார். “போர்வைக்குள்ள எதையோ வச்சுத் தைச்சிருக்காங்க.”

“போய்ப் பார்த்துட்டுக் கற்பனை பண்ணு,” என்று எழுந்தார் சுருக்கெழுத்து அம்மா.

வீட்டில் கேட்டால் நூலகத்தில் பழக்கமானவர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து மூவரும் வாத்தியார் வீட்டுக்குப் போனார்கள். வாசலில் செருப்புகளுக்கு நடுவே ஒரு ஜோடி மலையேறும் பூட்ஸ் கிடந்தது. புதியதுதான், ஆனால் அடியில் சேறு காய்ந்திருந்தது. சுருக்கெழுத்து அம்மா தன் பாதத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஏறக்குறைய ஒரே அளவு.

கூடத்து மேஜையில் மலைப்பாதையின் வரைபடம் விரிந்திருந்தது. அதைக் கண்டதும் வாத்தியார் தம் கவலையையும் விருந்தாளிகளையும் விட்டுவிட்டு அதன்மேல் கவிழ்ந்தார். மச்சான் தரையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். வாத்தியாரின் மனைவி டீ கொண்டுவந்தாள்.

“ஏங்க, டீ ஆறுது.”

“சரி.”

“அக்கா, அந்தச் சின்ன அடுப்பே போதும்,” என்றான் மச்சான். “நாம மேல போய் விருந்தா வைக்கப் போறோம்?”

“உனக்குப் போதும்டா. உங்க மாமாவுக்கு மணிக்கொரு டீ வேணுமே.”

நாத்தனார் மூலையில் இருந்த பயணப் பையிலிருந்து ஒரு போர்வையை எடுத்து முகர்ந்து, தும்மி, கண்ணாடி வழியே தையலை ஆராய்ந்தாள். பொறுமை போய்விட்டது. “சார், இதைக் கிழிச்சுப் பார்க்கட்டுமா?”

“சரி.”

அவள் கத்தரிக்கோலை எடுத்தே விட்டாள். “ஐயையோ, புதுப் போர்வைங்க!” என்று மனைவி பாய்ந்து பிடுங்கினாள். சத்தம் கேட்டு வாத்தியார் நிமிர்ந்தார். “யாரு கிழிக்கச் சொன்னது?”

சுருக்கெழுத்து அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. “சார், இவங்க எதிர்லயே சொல்லிடலாமா?”

வாத்தியார் தயங்கித் தலையசைத்தார். அவருடைய பயம் என்னவென்று அம்மா சுருக்கமாகச் சொன்னதும் மனைவியின் முகம் மாறியது.

“அந்த மூணாவது போர்வை உங்களுக்குத்தானே?” என்று அவளிடம் கேட்டார் அம்மா. “உங்க தம்பி உங்ககிட்ட ‘நாங்க’ன்னு சொல்லலைம்மா, ‘நாம’ன்னாரு. உங்களையும் சேர்த்துக்கிட்டாத்தான் அது ‘நாம’. வாசல்ல கிடக்கிற பூட்ஸும் பொம்பளைங்க அளவுதான். நடந்து பழகியிருக்கீங்க.”

“அக்காவும் தம்பியும் கூட்டுச் சதி!” என்றாள் நாத்தனார்.

“சதி பண்றவங்க பூட்ஸை வாசல்லயா விடுவாங்க? இவரைப் பக்கத்துல வச்சுக்கிட்டே ‘நாம’ன்னா பேசுவாங்க? இந்த வீட்ல ஒளிவுமறைவே இல்லை.”

மனைவி ஒன்றும் புரியாமல் விழித்தாள். “இதுல ஒளிக்க என்னங்க இருக்கு? நானும் வரட்டுமான்னு இவர்கிட்ட கேட்டேன். சரின்னாரு.”

வாத்தியார் வரைபடத்தை விட்டு எழுந்தார். “நான் சொன்னேனா? அப்போ... மறந்துதான் போயிட்டேன்.”

“மறக்கலை சார். மறக்கணும்னா முதல்ல காதுல விழணும். இப்பத்தான் போர்வையைக் கிழிக்கவும் சரின்னீங்க.”

மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “மாமா, போன மாசம் உங்க ஸ்கூட்டரையும் எனக்கே கொடுத்துட்டீங்க!”

மனைவி சிரிக்கவில்லை. மூன்றாவது போர்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “அப்போ அந்தச் சரி எனக்கில்லையா? நான் பாட்டுக்குத் தினமும் ஏரியைச் சுத்தி நடந்துக்கிட்டிருந்தேன்.”

தம் புத்தி பத்திரமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டிய மனிதர், அதைக் காட்டிக்கொள்ள வெட்கப்பட்டார். வரைபடத்தைச் சுருட்டி மச்சான் கையில் கொடுத்தார். மனைவிக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

“நீ என்கூட வர்றியா?”

அவள் நிமிரவே இல்லை. “சரி.”

விருந்தாளிகள் வெளியே வந்தார்கள். செருப்பை மாட்டும்போது நாத்தனார் கவலையோடு கிசுகிசுத்தாள். “அண்ணி, இது எந்தச் சரி?”

“திரும்பிப் பாரு.”

உள்ளே வாத்தியார் பையின் வாயை விரித்துப் பிடித்திருந்தார். மனைவியின் மடியில் போர்வை இல்லை.