கழுத்தளவுக் கம்பு

சுருளி கம்புக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான், நுனியிலிருந்து அடியை நோக்கி.

அடுப்படி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவன் மனைவி முத்துத்தாய் அதைக் கண்ணால் பார்க்கும் முன்பே காதால் அறிந்துவிட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் கேட்டுவரும் ஓசை அது. வேப்பெண்ணெயில் நனைத்த துணி அடிக்கணுவில் தொடங்கி, ஒவ்வொரு கணுவாக ஏறி, நுனியில் வழுக்கிப் போகும்போது எழும் மெல்லிய சீறல். இன்று அது சீறவில்லை, கரகரத்தது. ஒரு தடவை அவள் அப்படித் தலைகீழாகத் தேய்த்தபோது, "நார் எந்திரிச்சுக்கிரும் புள்ள, பிடிக்கிறவன் கையில சிலாம்பு ஏறும்" என்று பிடுங்கிக்கொண்டவன் அவன்தான்.

"மலைக்குப் போயிட்டு வந்ததுல கைப்பழக்கம் மாறிப் போச்சா?" என்றாள்.

அவன் நிமிர்ந்து சிரித்தான். துணி மறுபடியும் நுனியிலிருந்து இறங்கியது.

மூங்கில் வெட்ட வருசநாட்டுப் பக்கம் போனவன், சொன்ன நாளுக்கு வெகுவாகப் பிந்தி, தலையில் ஒரு கட்டு மூங்கிலோடு, காலில் செருப்பில்லாமல் திரும்பியிருந்தான். அது எண்பத்து மூன்றாம் வருடத்துக் கோடை. மழை பொய்த்து, உசிலம்பட்டிச் சந்தையில் மாடுகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். மதுரையின் மேற்கு ஓரத்தில், வீடுகள் முடிந்து மானாவாரிக் காடு தொடங்குகிற இடத்தில் இருந்த அவர்கள் தெருவிலும் களவு ஆரம்பித்திருந்தது. ஓட்டைப் பிரித்து இறங்கினார்கள். அண்டா போயிற்று, குத்துவிளக்கு போயிற்று, ஒரு வீட்டில் கன்றுக்குட்டி. கடைசியில் வீட்டுக்கு ஒரு கம்பு என்று எல்லோரும் சுருளியிடம் சொல்லிவைத்தார்கள்.

சுருளி சிலம்பக் கம்பு செய்து விற்கிறவன். யாருக்கும் வீசச் சொல்லித் தந்ததில்லை. வாத்தியார் வேலை வேறு, தன் வேலை வேறு என்பான். மலையிலிருந்து வந்தவனோ வெயில் தாழ்ந்ததும் தெரு ஆட்களை அவரவர் வாசலில் நிறுத்திச் சொல்லித்தர ஆரம்பித்தான். காசும் வாங்கவில்லை.

"என்ன மதினி, அண்ணன் ஓசியில வாத்தியாராயிட்டாரு?" என்றாள் எதிர்வீட்டுச் செல்லத்தாய். "எங்க வீட்டுக்காரரு படுத்த பாயைச் சுருட்டக் குனிய மாட்டாரு. இப்ப கம்பத் தூக்கிக்கிட்டு அந்த ஆட்டம் ஆடுறாரு."

"களவுதான் நின்னு போச்சே."

"அண்ணன் வந்த அன்னிக்கே நின்னு போச்சு. களவாணிப் பயலுகளுக்கு மூக்குல வேர்த்துருக்கும்."

முத்துத்தாய் சிரிக்கவில்லை. அவன் வந்த அன்று மூங்கிலின் பச்சைகூட வாடியிருக்கவில்லை. ஒரு கம்புகூட ஆகியிருக்கவில்லை.

சந்தேகம் வந்த பிறகு எல்லாமே கண்ணில் பட்டது. சிலம்பக் கம்புக்கு ஆளின் புருவம்தான் அளவு. குதிகாலிலிருந்து நூலை மேலே ஓட்டி, புருவத்தில் முடிச்சுப் போடுவான். செல்லத்தாயின் புருசன் விருமாண்டிக்கு அளவெடுத்தபோது நூல் அவ்வளவு தூரம் ஏறவில்லை. இடது தோளைத் தாண்டி, கழுத்தில் நின்றது. அங்கேயே சுருளியின் கட்டைவிரல் கொஞ்ச நேரம் தங்கியது.

"மாப்ள, பொணத்துக்குக் குழி அளக்குற மாதிரில அளக்குற," என்றான் விருமாண்டி.

"வீட்டுக்குள்ள வீசணும்ல மச்சான். நீளமா இருந்தா ஓடு தட்டும்."

நியாயமான பதில்தான். விருமாண்டியும் தலையை ஆட்டிக்கொண்டான். ஆனால் வாசலில் காய்ந்துகொண்டிருந்த கம்புகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்து, அதற்குரிய ஆளை நினைத்து அளந்து பார்த்தாள். ஆளுக்கு ஆள் உயரம் வேறு. எல்லாமே கழுத்தளவு.

செய்து முடித்த கம்பை எடை பார்க்க, சுருளி எப்போதும் அவளைத்தான் எதிரே நிறுத்துவான். அப்படி நின்று நின்று, தடுப்பு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். கம்பு குறுக்கே ஏறி, அதன் மேல்முனை இடது காதையும் கழுத்தையும் மறைக்கவேண்டும். தெருவில் இவன் சொல்லித்தந்தது அதுவல்ல. கம்பு தாழ்ந்து நின்றது. தலை வலப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருந்தது, யாரோ பேசப்போவதற்குக் காது கொடுத்தாற்போல. இடது கழுத்து, காதுக்கும் தோளுக்கும் நடுவே, வெயிலில் வெறிச்சென்று திறந்து கிடந்தது. விருமாண்டிக்கும் அப்படி. மேற்குக் கோடி வீட்டு ஆண்டிச்சாமிக்கும் அப்படி. மாவரைத்த கையோடு வந்து நின்ற செல்லத்தாய்க்கும் அப்படி.

மகள் தங்கப்பொண்ணுக்கும் அப்படித்தான். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. முத்துத்தாய் அவள் பின்னால் நின்று, இரண்டு கையையும் பிடித்துக் கம்பை உயர்த்திவைத்தாள். பிள்ளை சரியென்றாள். அம்மா அடுப்படிக்குத் திரும்பியதும் கம்பு தாழ்ந்தது, தலை சாய்ந்தது.

"ஏன்டி கீழ இறக்குற?"

"அப்பா அப்படி நிக்கச் சொல்லலையே."

"கழுத்து தெறந்து கெடக்குதுடி. வந்தவன் அடிச்சா என்ன செய்வ?"

"அடிக்க மாட்டாகளாம். வாரவுகளுக்குத் தோதா நிக்கணுமாம்."

அடுப்பில் குழம்பு தீய்ந்த வாடை வரும்வரை முத்துத்தாய் அங்கேயே நின்றாள்.

அன்று சாப்பிட உட்கார்ந்தவனிடம் கேட்டுவிட்டாள். "நீங்க சொல்லித்தாரது தப்பு. அம்புட்டுப் பேரும் கழுத்தக் காட்டிக்கிட்டு நிக்கிறாக. யாரு வாராக?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த விரல்கள் நின்றன. கோபமில்லை அவன் முகத்தில். விருந்தாளி முன்னால் வீட்டுக் குறையைப் பேசிவிட்டவளைப் பார்க்கிற மாதிரி, சங்கடமாகப் பார்த்தான்.

"உனக்கு இன்னும் அளவெடுக்கலேல்ல புள்ள?" என்றான். மடியிலிருந்து நூலை எடுத்தான்.

"எனக்கு வேண்டாம்."

அவன் வற்புறுத்தவில்லை. நூலை மடித்து உள்ளே வைத்துக்கொண்டான்.

காலையில் அவள் தலைமாட்டில் ஒரு கம்பு சாத்தியிருந்தது. எண்ணெய் இன்னும் ஈரமாக இருந்தது. வேண்டாம் வேண்டாம் என்று மனசு சொல்லச் சொல்ல எடுத்து நிமிர்த்திப் பார்த்தாள். மேல்முனை அவளுடைய இடது கழுத்தின் குழியில், நாடி துடிக்கிற இடத்தில், சில்லென்று வந்து பொருந்தியது. தனக்குத் தெரிந்த தடுப்பில் நின்று பார்த்தாள். முனை காதுக்கு எட்டவில்லை. எப்படிப் பிடித்தாலும் அந்த இடம் மட்டும் திறந்தே இருந்தது.

கம்பைப் போட்டுவிட்டாள். பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. டி. கல்லுப்பட்டியில் அவள் அண்ணன் இருந்தான். சுருளி வீட்டைவிட்டு நகர்ந்தால் கிளம்பிவிடலாம். அவன் நகரவில்லை. பகல் முழுக்க வாசலை அடைத்து உட்கார்ந்து மேற்கே பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் தாழ்ந்தபிறகுதான் எழுந்து தெருவுக்குள் போனான். அவள் மாற்றுத்துணியைப் பையில் திணித்தாள். இருட்டுவதற்குள் பஸ் ஏறிவிட்டால் போதும்.

வெளியே கம்புகள் சுழலும் ஊங்காரம் தெருநீளத்துக்கும் கேட்டது. தண்ணீர் தெளித்த புழுதி வாசனை, எங்கோ கருவாடு சுடும் வாசனை, யார் வீட்டு ரேடியோவிலிருந்தோ சந்தை நிலவரம் சொல்லும் குரல், கூட்டுக்குத் திரும்பும் காக்கைகளின் சண்டை. என்றைக்கும் உள்ள அந்தி. பையைத் தோளில் மாட்டி, பிள்ளையின் கையைப் பிடித்து, கதவில் கைவைத்தாள்.

ஊங்காரம் நின்றது.

எல்லாக் கம்பும். ஒரே நேரத்தில்.

ரேடியோ நின்றது. காக்கைகள் இல்லை.

கதவைத் திறந்தாள்.

வீட்டுக்கு வீடு வாசலில் ஆட்கள் நின்றார்கள். கம்பு தாழ்ந்து, தலை சாய்ந்து, மேற்கே பார்த்து. எதிரே விருமாண்டி. அவன் பக்கத்தில் செல்லத்தாய். யாருடைய கண்ணும் இமைக்கவில்லை.

தெருவின் மேற்குக் கோடியில் சுருளி. முதல் வீட்டு வாசலை ஒட்டி ஒதுங்கி, முதுகை வளைத்து, கைகூப்பி, கல்யாணப் பந்தலில் சம்பந்திகளை வரவேற்கிறவனைப் போல நின்றான். அவன் முன்னால் யாரும் இல்லை. காடும் வானமும்தான்.

அவன் கையை நீட்டி வழி காட்டினான்.

ஆண்டிச்சாமியின் தலை இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. மெதுவாக. பாரம் ஏறியது போல.

அவர் விழவில்லை. கம்பும் விழவில்லை.

அடுத்த வீடு.

அடுத்தது.

சுருளி ஒவ்வொரு வாசலாக முன்னால் வந்து ஒதுங்கினான். ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை சாய்ந்தது. எங்கும் சத்தமில்லை. விருமாண்டி. செல்லத்தாய்.

"உள்ள வாடி," என்றாள் முத்துத்தாய். பிள்ளையை இழுத்தாள். அந்தச் சின்ன உடம்பு நட்ட கல் மாதிரி அசையாமல் நின்றது. அதன் தலை வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

அவள் பையைப் போட்டாள். பிள்ளையின் கழுத்தை இரண்டு உள்ளங்கையாலும் பொத்தினாள். இறுக்கி.

"கைய எடும்மா," என்றாள் தங்கப்பொண்ணு, பொறுமையாக. "அவுக காத்துக்கிட்டு இருக்காக."

சுருளி வாசலுக்கு வந்து, கைகூப்பி, ஒதுங்கினான்.

அவளுடைய புறங்கையின் மேல் யாரோ கன்னத்தைச் சாய்த்துவைத்தார்கள். குளிர்ச்சியாக. தாடையின் எலும்பு கைக்குத் தெரிந்தது. அழுத்தவில்லை. விலகவுமில்லை.